'குறிப்பிட்ட': குறிப்பிடாமலிருக்க ஒரு சொல்

1

2019 ஏப்ரல். வாக்குப்பதிவு முடிந்து ஓரிரு நாள் ஆகியிருக்கும். மீன்சுருட்டியில் கும்பகோணம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்த நான், பஸ் வரக் காணோம் என்று டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். கடைக்காரர் பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து நாலு பேரிடம் கொடுத்திருந்தார். என் கைக்கு வந்த தாளில் பொன்பரப்பிச் செய்தி. பக்கத்திலிருந்த பெரியவருக்குக் கண் சரியாகத் தெரியாது. 'கொஞ்சம் சத்தமாப் படி தம்பி' என்றார். படித்தேன். இரு தரப்பினரிடையே மோதல். குறிப்பிட்ட சமூகத்தினரின் வீடுகள் சேதம். மற்றொரு பிரிவைச் சேர்ந்த சிலர் மீது வழக்கு. போலீஸ் குவிப்பு.

'குறிப்பிட்ட சமூகம்னா எந்தச் சமூகம்?' என்றார் பெரியவர்.

யாரும் பதில் சொல்லவில்லை. பதில் தெரியாததால் அல்ல. பாய்லர் ஓரம் நின்றிருந்த ஒருவர் சிரித்தார். 'என்னா பெருசு, தெரியாத மாதிரி கேக்குற?'

'தெரியும்டா. பேப்பர்ல என்னா போட்டிருக்குன்னுதான் கேக்குறேன்.'

இந்தக் கட்டுரை அந்தப் பெரியவரின் கேள்விக்குத் தாமதமாக எழுதும் பதில். அவர் கேட்டது தகவல் அல்ல. தகவல் அவரிடம் இருந்தது. பொன்பரப்பி எங்கள் மாவட்டத்து ஊர், எங்கள் நாடாளுமன்றத் தொகுதி. அங்கே தாக்கப்பட்டவை தலித் மக்களின் வீடுகள் என்பதும், தாக்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் வன்னியர்கள் என்பதும், தேர்தல் சின்னமான பானையை வைத்துத் தகராறு மூண்டது என்பதும் செய்தித்தாள் வருவதற்கு முன்பே டீக்கடைக்கு வந்துவிட்டன. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை அச்சு எப்படிச் சொல்லாமல் சொல்கிறது என்பதுதான் அவர் கேள்வி. பிரதி என்ன சொல்கிறது, வாசகனுக்கு என்ன தெரியும், இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? விமர்சனம் செய்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

'குறிப்பிட்ட' என்றால் குறிப்பிடப்பட்ட என்று பொருள். இறந்தகாலப் பெயரெச்சம். குறிப்பிடுகிற வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று இலக்கணம் சத்தியம் செய்கிறது. ஆனால் செய்தி முழுவதையும் தலைகீழாகப் புரட்டினாலும் அந்தக் குறிப்பு எங்கேயும் கிடையாது. சொன்னதாகப் பாவனை செய்து சொல்லாமல் விடுவதற்கு இதைவிட வசதியான சொல் தமிழில் இருக்கிறதா என்று தெரியவில்லை.

2

இந்த வசதி நமக்கு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி இறக்குமதி என்றுதான் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் 'சர்ட்டன்' என்று ஒரு சொல். பள்ளிக்கூடத்தில் 'நிச்சயமான' என்று பொருள் எழுதிக்கொண்டு வந்தோம். அது பாதிதான். அந்தச் சொல் வாக்கியத்தின் கடைசியில், பயனிலையாக வந்தால் நிச்சயம்: நான் சர்ட்டன், எனக்குச் சந்தேகமே இல்லை. அதே சொல் பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தால் தலைகீழாகிவிடுகிறது. 'சர்ட்டன் நபர்கள்' என்றால் யாரோ சிலர். பேசுபவனுக்குத் தெரியும், உனக்குச் சொல்லமாட்டான். 'சர்ட்டன் ஆறுமுகம்' என்றால் ஆறுமுகம் என்று யாரோ ஒருத்தனாம், நமக்கென்ன தெரியும் என்கிற உதட்டுப் பிதுக்கல். 'சர்ட்டன் வயதுப் பெண்மணி' என்றால் வயதைச் சொல்வது நாகரிகமில்லை என்று அர்த்தம். உறுதியைக் குறிக்கும் சொல்லே உறுதியின்மைக்கு முகமூடியாகிறது.

அதன் உறவுக்காரச் சொற்களையும் பார்த்துவிடலாம். 'டெஃபினிட்' என்பது லத்தீனில் எல்லை என்ற சொல்லிலிருந்து பிறந்தது, எல்லை போடப்பட்டது என்று பொருள். நம்முடைய 'வரையறை'யும் அதே வேலையைச் செய்கிற சொல்தான், வரை என்றால் எல்லை. 'டெஃபினிட்டிவ்' வேறு. அது இனிமேல் பேச ஒன்றுமில்லை என்கிற முடிந்த முடிவு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, தெளிவாகச் சொல்லப்பட்டது எதையும் இறுதித் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் மொழிபெயர்ப்புகளில் நிறைய. 'டெஃபினிட்லி'க்கு நாம் வைத்திருக்கும் பேச்சுவழக்குச் சொல் 'கண்டிப்பா'. கண்டித்தல் என்றால் திட்டுவது, அதட்டுவது. 'கண்டிப்பா வரேன்' என்று ஒருவர் சொன்னால் வரமாட்டார் என்று நமக்குத் தெரியும். ஜெர்மன்காரர்களுக்கும் இது உண்டு. அவர்களுடைய 'பெஸ்டிம்ட்' எழுத்தில் வரையறுக்கப்பட்ட என்று நிற்கும், பேச்சில் 'அநேகமாக வந்துருவான்' என்கிற அளவுக்கு இளகிவிடும். உறுதிச் சொற்கள் எல்லா மொழியிலும் தேயத்தான் செய்கின்றன. 'திட்டவட்டமாக' என்ற சொல்லை நம் பத்திரிகைகளில் பெரும்பாலும் 'மறுத்தார்' என்பதற்கு முன்னால் மட்டுமே காண்கிறோம். உறுதியாக ஏற்றுக்கொண்டவர்கள் குறைவு போலும்.

'சர்ட்டன்' எங்கிருந்து வந்தது என்று தேடினால் இன்னொன்று அகப்படும். அதன் லத்தீன் வேர்ச்சொல்லுக்குச் சலித்தல், பிரித்தெடுத்தல் என்று பொருள். சல்லடையில் சலித்து, இது இது என்று பிரித்துவிட்டால் நிச்சயம். அதே வேரிலிருந்து, தனியே பிரித்து ஒதுக்கிவைத்தது என்ற பொருளில், 'சீக்ரெட்' என்ற சொல்லும் வந்தது. நிச்சயமும் ரகசியமும் ஒரே சல்லடையின் இரண்டு பக்கம். கிரேக்கத்தில் இந்த வேரின் கிளைதான் 'கிரிட்டிக்' என்ற சொல்லையும் தந்தது. ஆகவே விமர்சகனும் இந்தக் குடும்பத்து ஆள்தான். பதரையும் நெல்லையும் பிரித்துக் காட்டுவது அவன் வேலை. பிரித்துவிட்டு, இதுதான் பதர் என்று சொல்லாமல் 'குறிப்பிட்ட சில பொருட்கள்' என்று எழுதுவதற்கு விமர்சகன் எதற்கு?

3

தமிழில் 'தி' இல்லை என்று ஐரோப்பியர்கள் இலக்கணம் எழுதிய காலத்திலிருந்து சொல்லிவருகிறார்கள். உண்மைதான். ஆனால் இல்லாத இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சுட்டு இருக்கிறது. அ, இ, உ மூன்றும். உகரச் சுட்டை நாம் விட்டுவிட்டோம், யாழ்ப்பாணத்துக்காரர்கள் இன்னும் 'உவன்', 'உந்த' என்று வைத்திருக்கிறார்கள். பத்திரத்தில் 'மேற்படி' இருக்கிறது. பழைய பத்திர எழுத்தர்கள் அதற்கென்று ஒரு சுருக்கெழுத்தே வைத்து 'ஷை' என்று படிப்பார்கள். கிழக்கே இன்னார் நிலத்துக்கு மேற்கு, வடக்கே வாய்க்காலுக்குத் தெற்கு என்று நான்கெல்லை கட்டிவிட்டு, அதன் பிறகு 'ஷை நிலம்' என்று எழுதினால் அது எந்த 'தி'க்கும் குறைந்ததல்ல. 'இன்னார்' என்பது அதைவிட விசேஷம். யாரோ ஒருவர் அல்ல, பெயர் போட வேண்டிய இடம் என்று அர்த்தம். 'இன்னார்' என்பது ஒரு காலிக் கட்டம், அதை நிரப்பாமல் பத்திரம் செல்லாது. 'குறிப்பிட்ட' என்பதோ நிரப்பியாகிவிட்டது என்று பொய் சொல்லும் கட்டம். இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது.

அப்புறம் 'ஐ' உருபு. 'புத்தகம் படித்தேன்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். 'புத்தகத்தைப் படித்தேன்' என்றால் உனக்கும் எனக்கும் தெரிந்த அந்தப் புத்தகம். அஃறிணைக்கு இந்த உருபை விடலாம், சேர்க்கலாம். உயர்திணைக்கு விடமுடியாது என்பது பொது வழக்கு. 'ஆசிரியர் பார்த்தேன்' என்று யாரும் சொல்வதில்லை, 'ஆசிரியரைப் பார்த்தேன்'தான். மனிதர் என்றால் குறிப்பானவர், எனவே உருபு உண்டு. இலக்கணம் மனிதருக்குக் கொடுக்கும் மரியாதை என்றுகூட இதைச் சொல்லலாம்.

ஆனால் எங்கள் பக்கத்தில் நடவு சமயத்தில் காதில் விழுவதைக் கேளுங்கள். 'பத்து ஆள் கூட்டிக்கிட்டு வா.' 'கள எடுக்க ஆள் புடிச்சியா?' இங்கே உருபு எங்கே போனது? கல்யாண வீட்டில், 'பொண்ணு பாக்கப் போறோம்.' இங்கேயும் உருபில்லை. ஆசிரியருக்கும் டாக்டருக்கும் தவறாமல் ஒட்டிக்கொள்ளும் 'ஐ', கூலி ஆளுக்கும் பார்க்கப்படும் பெண்ணுக்கும் கழன்று விழுகிறது. மாடு பிடிக்கிற மாதிரி ஆள் பிடிப்பது, நெல் வாங்குகிற மாதிரி பெண் எடுப்பது. 'ஆளைக் கூட்டிட்டு வா' என்று உருபைச் சேர்த்தால் பொருளே மாறுகிறது, அப்போது அவருக்குப் பெயர் இருக்கிறது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. மொழியியலாளர்கள் இதற்கு வேறு விளக்கம் சொல்லக்கூடும், வினையோடு பெயர் ஒட்டி ஒரே செயலாகிவிடுகிறது என்பார்கள். சரிதான். எந்தப் பெயர்கள் அப்படி ஒட்டிக் கரைந்துபோகின்றன, எவை கரைய மறுக்கின்றன என்பதுதான் என் கேள்வி.

எல்லாவற்றையும்விட 'ஊர்'. எங்கள் பக்கத்துக் கிராமங்கள் எதிலும் போய் 'ஊருக்குள்ள போகணும், வழி எது?' என்று கேளுங்கள். எந்தத் தெருக்களுக்கு வழி காட்டுவார்கள் என்பது கேட்பவருக்கும் சொல்பவருக்கும் தெரியும். 'காலனி' அதில் சேராது. காலனி என்ற சொல்லுக்கு அகராதியில் குடியேற்றம் என்று பொருள். நூற்றாண்டுகளாக அங்கேயே இருக்கிறவர்களை நேற்று வந்து குடியேறியவர்களாக்கிவிட்டது அரசாங்கம் தந்த அந்தச் சொல். 'ஊர்க் கூட்டம்', 'ஊர்ப் பொதுமக்கள்', 'ஊர்க் கட்டுப்பாடு' எல்லாவற்றிலும் இந்த 'ஊர்' தன்னைச் சுட்டிக்காட்டிக்கொள்ள எந்தச் சுட்டெழுத்தையும் நாடுவதில்லை. நம் மொழிக்கு 'தி' தேவைப்படாமல் போனதற்கு இலக்கணம் மட்டும் காரணமல்ல. யார் ஊர், யார் ஊருக்கு வெளியே என்பதை அதிகாரம் முன்கூட்டியே தீர்த்துவைத்துவிட்டது. அதிகாரம் உள்ளவனுக்கு அடைமொழி தேவையில்லை, அவன் வெறும் 'பொது'. மற்றவன்தான் 'குறிப்பிட்ட'.

4

மீன்சுருட்டியிலிருந்து சில கிலோமீட்டரில் கங்கைகொண்ட சோழபுரம். சோழர் பெருமை பேச நான் இதைச் சொல்லவில்லை. கல்வெட்டு என்கிற சொல்லாடலைப் பாருங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். இராசேந்திரனின் தகப்பன் இராசராசன் தஞ்சைப் பெரிய கோவிலுக்கு ஊர்களைக் கொடுத்து, 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிவைத்த கல்வெட்டுகளில், வரியிலிருந்து கழிக்கப்படும் நிலங்களின் பட்டியல் வருகிறது. ஊர் நத்தம் தனி. பறைச்சேரி தனி. கம்மாணச்சேரி தனி. சுடுகாடு தனி, பறைச்சுடுகாடு தனி. செத்த பிறகும் பிரித்துவைத்த கொடுமையை ஒளிக்கவே இல்லை அந்தக் கல். எல்லையைத் துல்லியமாக வரைகிறது. 'குறிப்பிட்ட பிரிவினரின் குடியிருப்பு' என்று எழுத அன்றைய அதிகாரத்துக்கு அவசியம் இருக்கவில்லை, ஏனென்றால் அதற்கு வெட்கமும் இருக்கவில்லை.

இன்றைய செய்தித்தாளுக்கு வெட்கம் இருக்கிறது. இது முன்னேற்றம்தானா? ஒருவகையில் ஆம். தீண்டாமையை 1950இல் அரசியல் சாசனத்தின் 17ஆம் பிரிவு ஒழித்துவிட்டது. ஒழித்துவிட்ட ஒன்றை எப்படிப் பெயர் சொல்லி எழுதுவது என்கிற சங்கடம். ஆக, நடப்பு அப்படியே இருக்கப் பெயர் மட்டும் ஒழிந்தது. கல்வெட்டு சேரியைப் பெயர் சொல்லி ஒதுக்கியது. செய்தித்தாள் பெயர் சொல்லாமல் ஒதுக்குகிறது.

இடையில் காலனிய அரசு கற்றுத்தந்த பாடம் ஒன்று உண்டு. 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம். ஏதோ ஒரு வட்டாரத்தில் நிலம் தேவைப்படுகிறது, அல்லது தேவைப்படக்கூடும் என்று அரசுக்குத் தோன்றினால் அறிவிக்கலாம் என்றது அதன் 4ஆம் பிரிவு. 'தோன்றினால்', 'கூடும்', 'ஏதோ ஒரு': எல்லாமே புகைமூட்டம். 6ஆம் பிரிவில் புகை விலகி, 'எந்த ஒரு பர்ட்டிகுலர் நிலமும்' தேவை என்று அரசு திருப்தியடைந்தால் பிரகடனம் செய்யலாம் என்று வருகிறது. எந்த ஒரு, அதே மூச்சில் குறிப்பிட்ட. அடுத்து, அந்தப் பிரகடனமே பொதுக் காரியத்துக்காக நிலம் தேவை என்பதற்கு இறுதியான சான்று என்கிறது. நிலம் தேவை என்பதற்கு அரசு சொன்னதே ஆதாரம். நிச்சயம் என்பது ஆராய்ந்து அடைவது அல்ல, கெஜட்டில் அச்சடித்தால் உண்டாவது. 2014 ஜனவரி முதல் புதிய சட்டம் வந்து அந்தச் சட்டம் போய்விட்டது. ஆனால் அது எங்கள் பக்கத்தில் செய்துவிட்டுப் போனது சின்னக் காரியமல்ல. 1990களில் ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரி மின் திட்டத்துக்காக பல கிராமங்களில் நிலம் எடுத்தார்கள். நிலக்கரியும் வெட்டவில்லை, மின்சாரமும் வரவில்லை. இழப்பீட்டுக்காக ஜனங்கள் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தார்கள். கால் நூற்றாண்டு கழித்து அரசே திட்டத்தைக் கைவிட்டு, நிலத்தை உரியவர்களிடம் திருப்பித் தருவது என்று முடிவெடுத்தது. எடுத்தபோது இருந்த அந்த 'இறுதியான' தேவை எங்கே போனது?

ஒரு மூதாட்டி இப்படி ஒரு நோட்டீஸை என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொன்னது நினைவிருக்கிறது. எந்தத் திட்டம், எந்த ஆபீஸ் என்பது இங்கே முக்கியமில்லை. 'சில நிலங்கள் தேவைப்படுவதாகத் தெரிகிறபடியால்' என்று அதில் இருந்தது. 'சில நெலம்னா எது? நம்மளுதா?' என்றார். சர்வே நம்பரைப் பார்த்துச் சொன்னேன், அவருடையதுதான். 'அப்பறம் என்னாத்துக்கு சிலங்குறான்? ஒன்னுதுன்னு சொல்லிட்டுப் போவலாம்ல' என்றார். சர்வே நம்பர் அட்டவணையில் இருந்தது, வாக்கியத்தில் இல்லை. வாக்கியத்தில் இருந்தால் அரசு ஒரு மூதாட்டியின் முகத்தைப் பார்த்துப் பேசுவதாக ஆகிவிடும்.

எங்கள் ஊரின் முகவரியும் இப்படித்தான் கெஜட்டில் மாறிமாறி வந்தது. 1995 வரை திருச்சி மாவட்டம். பிறகு பெரம்பலூர். 2001இல் அரியலூர். 2002இல் மறுபடி பெரம்பலூர். 2007இல் மறுபடி அரியலூர். ஊர் நகரவே இல்லை. அரசு நினைத்தால் ஒரு மாவட்டத்தை உண்டாக்கி, அழித்து, மறுபடி உண்டாக்கித் தெளிவாகப் பெயர் சொல்லும். தெளிவாகச் சொல்லத் தெரியாது என்று அதன்மேல் குற்றம் சாட்ட முடியாது. எப்போது தெளிவு, எப்போது மூட்டம் என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

5

எதிர்வாதத்தை நான் ஒதுக்கிவிட விரும்பவில்லை. பத்திரிகை நண்பர்கள் சொல்வது: கலவர நேரத்தில் சாதியின், மதத்தின் பெயரைப் போட்டால் தீ அடுத்த ஊருக்குப் பரவும். இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் நெறிமுறைகளும் இதைத்தான் அறிவுறுத்துகின்றன. இது வெற்று வாதமல்ல. பெயரைப் போட்டுப் பழிவாங்கலைத் தூண்டிய பத்திரிகைகளையும் நாம் பார்த்திருக்கிறோம். பெயரை மறைப்பது பாதுகாப்பாகிற இடங்கள் நிச்சயம் உண்டு. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயரை வெளியிடுவது பழைய தண்டனைச் சட்டத்திலும் குற்றம், 2024 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் குற்றம். இதை யாரும் எதிர்க்கமாட்டார்கள்.

ஆகவே கேள்வி, பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பதல்ல. சொல்லாமலிருப்பது யாருக்குக் காவல்? மேற்சொன்ன சட்டத்தில் அடிபட்டவருக்குக் காவல். 'இரு தரப்பு மோதல்' என்ற தலைப்பில் யாருக்குக் காவல்? வீடு இழந்தவரின் சாதி அந்த ஊர் முழுக்கத் தெரியும், அதனால்தான் வீடு போனது. அவருக்கு மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. இடித்தவருக்குத்தான் இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் சமமாக மறைப்பதாகத் தோன்றும் சொல், சமமில்லாத இரண்டு பக்கத்தைச் சமமாக்கிக் காட்டுகிறது. அடித்தவனும் அடிபட்டவனும் 'தரப்பு' ஆகிவிடுகிறார்கள், அடியே 'மோதல்' ஆகிவிடுகிறது.

சட்டமும் இந்த மூட்டத்தை ஏற்பதில்லை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், குற்றம் செய்தவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவர், பாதிக்கப்பட்டவர் சேர்ந்தவர் என்பது குற்றத்தின் இலக்கணத்திலேயே இருக்கிறது. முதல் தகவல் அறிக்கையில் 'குறிப்பிட்ட சமூகம்' என்று எழுதிவைத்தால் வழக்கு நிற்காது. சாதிச் சான்றிதழ் வேண்டும். 'மற்றும் சிலர்' என்று போட்ட இடத்தில் கடைசிவரை பெயர் ஏறாமல் போனால் அந்தச் 'சிலர்' தப்பித்துக்கொள்வார்கள். நீதிமன்றத்தில் உயிர்நாடியாக இருக்கிற விவரம் செய்தியில் அநாகரிகம் ஆகிவிடுகிறது. செய்தியைப் படிக்கிற நடுத்தர வர்க்கத்து வாசகர், சாதிக்கு இதில் என்ன சம்பந்தம், ஏதோ ரெண்டு கோஷ்டி அடிச்சுக்கிட்டானுங்க என்று பக்கத்தைப் புரட்டுகிறார். அந்தச் சட்டமே தேவையில்லை என்று அவர் நாளைக்குப் பேசுவதற்கு இன்றைய 'குறிப்பிட்ட' அடித்தளம் போடுகிறது.

எனக்குத் தெரிந்தவரை ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். சாதி காரணமாக நடந்த ஒன்றைச் சாதிப் பெயர் இல்லாமல் எழுதக்கூடாது. சாதி காரணமில்லாத திருட்டிலோ விபத்திலோ சாதிப் பெயரை எழுதக்கூடாது. கலவரம் நடந்துகொண்டிருக்கிற அந்த இரண்டு நாளைக்கு நிதானம் காட்டலாம். ஆனால் அந்த இரண்டு நாள் நிதானம் இருபது வருஷத்துக்கு நீடிக்கக்கூடாது. முதல் வாரத்தில் மறைத்த பெயரை இரண்டாம் மாதம் எழுதிய பத்திரிகை எத்தனை?

6

பத்திரிகைக்காரரை மட்டும் கூண்டில் நிறுத்திவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதைக் கூலித் தகராறு என்றார்கள், விவசாயிகளுக்கிடையே மோதல் என்றார்கள். 1973இல் உயர்நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை விடுதலை செய்தது. நம் தோழர்கள் அதை வர்க்கப் படுகொலை என்று சரியாகவே சொன்னார்கள். ஆனால் எரிந்தவர்கள் தலித்துகள் என்பதை அழுத்திச் சொல்ல வெகுகாலம் தயங்கினார்கள். வர்க்கம் என்ற பெயர் பொய்யல்ல, அது பாதி. 1859ஆம் ஆண்டின் புகழ்பெற்ற முன்னுரையில், மனிதர்கள் தம் விருப்பத்தைச் சாராமல் நுழையும் உறவுகளைப் பற்றிப் பேசும் மார்க்ஸ், அந்த உறவுகளுக்கு முன்னால் போட்ட அடைமொழி நான் மேலே சொன்ன 'பெஸ்டிம்ட்'தான். பொதுவான உறவுகள் அல்ல, அந்தந்த இடத்தில் எல்லை போட்டுக் காட்டக்கூடிய உறவுகள். அந்த அடைமொழியை நாம் மொழிபெயர்த்தோம், பயன்படுத்தவில்லை. தஞ்சை மண்ணில் அந்த உறவுக்குப் பண்ணையாள் என்றும் சேரி என்றும் பெயர் இருந்தது. நாம் 'உற்பத்தி உறவுகள்' என்று பொதுவாக எழுதி மேலே போய்விட்டோம்.

பிறகு கோட்பாடுகள் வந்தன. 1982இல் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' வந்ததிலிருந்து பத்துப் பதினைந்து வருஷம் குறிப்பான், குறிப்பீடு என்று நாம் விவாதித்தது கொஞ்சமல்ல. நிலையான அர்த்தம் என்பதே அதிகாரம், அர்த்தத்தைத் தள்ளிப்போடுவதே விடுதலை என்று நம்பினோம். நானும் நம்பினேன். வேதத்துக்கும் மனுவுக்கும் ஒற்றை அர்த்தம் சொன்னவர்களை எதிர்க்க அது நமக்கு நல்ல ஆயுதமாகவும் இருந்தது. ஆனால் டீக்கடையில் அந்தத் தாளை வாசித்தபோது எனக்கு உறைத்தது வேறு. இங்கே அர்த்தத்தைத் தள்ளிப்போடுவது அதிகாரமேதான். குறிப்பான் இருக்கிறது, 'குறிப்பிட்ட'. குறிப்பீடு முடிவில்லாமல் ஒத்திப்போடப்படுகிறது. பாரிஸில் கலகமாக இருந்தது பொன்பரப்பியில் போலீஸ் பாதுகாப்பாக இருக்கிறது. அர்த்தம் நிலையற்றது என்பதை நான் மறுக்கவில்லை. வீடு இடிந்தவரிடம் போய் அதைச் சொல்கிற துணிச்சல் எனக்கு இல்லை.

நம் சிறுபத்திரிகைப் பக்கங்களைத்தான் திருப்பிப் பாருங்களேன். 'சில விமர்சகர்கள்', 'ஒரு சாரார்', 'குறிப்பிட்ட முகாமைச் சேர்ந்த நண்பர்கள்'. யாரைச் சொல்கிறோம் என்று நமது முந்நூறு வாசகர்களுக்கும் தெரியும். பெயரைப் போட்டால் பதில் சொல்ல வேண்டிவரும், ஆதாரம் காட்ட வேண்டிவரும், அடுத்த கூட்டத்தில் முகத்தைப் பார்க்க வேண்டிவரும். துண்டறிக்கைகளில் 'ஆதிக்க சக்திகள்' என்று எழுதுகிறோமே, அந்தச் சக்திக்கு அந்த ஊரில் ஒரு பெயர் உண்டு, ஒரு தெரு உண்டு. சில சமயம் அது நம்முடைய தெருவாகவே இருக்கிறது.

ஆகவே என்னுடைய தெருவைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் இவ்வளவும் வீண். நான் ஊர்த்தெருவில், வன்னியர் வீட்டில் பிறந்தவன். பொன்பரப்பிச் செய்தியைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தபோது 'குறிப்பிட்ட' என்ற சொல் வந்ததும் எனக்குள் ஒரு சின்ன நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நான் மறந்துவிடவில்லை. பெரியவர் 'எந்தச் சமூகம்?' என்று கேட்டபோது மற்றவர்களோடு சேர்ந்து நானும் பேசாமல் இருந்தேன். அவர் காலனிக்காரர். அது எனக்கு அப்போதே தெரியும்.

பஸ் வந்துவிட்டது, நான் தாளை மடித்துப் பெஞ்சில் வைத்துவிட்டு ஏறிவிட்டேன். அவருக்குச் சொல்ல வேண்டியிருந்த பதில் ஒரே ஒரு வரி. 'ஒங்க ஜனத்தோட வீட்ட எங்க ஜனம் இடிச்சதா கேஸ் போட்டிருக்காங்க ஐயா, பேப்பர்ல அதப் போடல.' அதைச் சொல்லியிருந்தால் கடையில் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. சொல்லாததால் ஒன்றும் ஆகவில்லை. அந்த 'ஒன்றும் ஆகவில்லை' என்பதைத்தான் பத்திரிகைகள் மறுநாள் 'அமைதி திரும்பியது' என்று எழுதுகின்றன.